முழவுகள் கூடிய அவை: தாள வாத்தியக் கோவையின் வரலாறு

இசையென்றால் வாய்ப்பாட்டு, வீணை, குழல், வயலின், நாகசுரம் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் அவற்றிற்குத் துணை நிற்பன என்பது பொதுவான கருத்து. ‘பக்க வாத்தியம்’ என்னும் பெயரே அவற்றின் இடத்தை வரையறுத்துவிடுகின்றது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவையில் பாதிப்பேர் எழுந்து காப்பி அருந்தச் செல்லும் வழக்கமும் நாம் அறிந்ததே.

ஆயினும் தாளக் கருவிகள் மட்டுமே கூடி, பாட்டின் துணை வேண்டாது, தமக்கென அமைந்த உருப்படிகளை முழக்குகின்ற ஒரு கலை நம் நாட்டில் உண்டு. அதனைத் தாள வாத்தியக் கச்சேரி என்கின்றோம். அக்கலை எங்கிருந்து வந்தது? அதற்குரிய உருப்படிகளை இயற்றுபவர் யாவர்? அவர்களுள் யாருடைய பெயர் நிலைத்தது, யாருடைய பெயர் மறைந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டைத் தமிழர் கண்ட முழவுகள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தோர் ஒன்றை மறக்கமாட்டார்கள். மாதவியின் அரங்கேற்றத்திற்கு வேண்டிய ஆசிரியர்களை இளங்கோவடிகள் வரிசைப்படுத்தும்பொழுது, ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்கு நிகராகத் தண்ணுமை ஆசிரியனையும் நிறுத்துகின்றார். அவனுக்கு வேண்டிய இலக்கணங்களையும் தனியே கூறுகின்றார். ஆங்கே அவன் பக்கத்தில் அமர்ந்தவன் அல்லன். அவையின் ஆசிரியருள் ஒருவன்.

அக்காதையில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேரும் முறையும் சொல்லப்படுகின்றது. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும், முழவோடு இடக்கையும் கூடி நிற்கின்றன. பல கருவிகள் தத்தம் இடமறிந்து நுழைந்து ஒன்றாகின்ற இந்த ஒழுங்கே கூட்டிசை அமைப்பின் அடிப்படை எனலாம்.

பிற்காலத்தில் அந்நூலுக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், தமிழ்நாட்டில் வழங்கிய முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளின் பெயர்களைத் தருகின்றார். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம், சல்லிகை, கரடிகை, திமிலை, குடமுழா, தக்கை, துடி என அப்பட்டியல் நீள்கின்றது. அவர் பெயர்களை அடுக்கியதோடு நிற்கவில்லை. அகமுழவு, புறமுழவு, நாண்முழவு, காலைமுழவு எனப் பயனும் தரமும் நோக்கி வகைப்படுத்தியும் காட்டினார். இத்தனை நுட்பமான பாகுபாடு ஒரு மொழியில் தோன்ற வேண்டுமாயின், அம்முழவுகளை வேறுபாடறிந்து கேட்ட செவிகள் அந்நாட்டில் நிறைந்திருக்க வேண்டும் அன்றோ?

கோயிலும் கூட்டு முழக்கமும்

திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் ஐம்முகங்கொண்ட பஞ்சமுக வாத்தியம் உள்ளது. திருத்துறைப்பூண்டியிலும் அத்தகையது உண்டு. சிவபெருமானின் ஐந்து முகங்களாகிய சத்யோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம் என்பவற்றை அதன் ஐந்து வாய்களும் குறிக்கும். ஒருவரே ஐந்து வேறு ஒலிகளை மாற்றி மாற்றி எழுப்ப இயலும் இக்கருவியை, ஒரு மேடையில் அமர்ந்த ஐவரின் முழக்கத்தை ஓர் உடலில் அடக்கிய வடிவம் எனக் கூறின் மிகையாகாது.

மேற்கே மலையாள நாட்டில் திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு ஆகிய ஐந்தும் சேர்ந்த பஞ்சவாத்தியம் புகழ்பெற்றது. அதன் அமைப்பைக் கணக்கோடு நோக்கினால் வியப்புண்டாகும். முதற்காலத்தில் ஒரு சுற்றுக்கு 896 எழுத்துக்கள். அடுத்த காலத்தில் அதிற்பாதி 448. பின்னர் 224, 112, 56 என ஒவ்வொரு காலத்திலும் சரிபாதியாகக் குறைந்து வருகின்றது. சுற்றுக் குறையக் குறைய விரைவு மிகுகின்றது. அடிப்பாகம் அகன்று உச்சி குவிந்த கோபுரம் போன்ற இவ்வமைப்பு, நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருங்கே வாசிக்கும்பொழுதும் குழப்பம் நேராமல் காக்கின்றது.

தமிழகக் கோயில்களில் இப்பொறுப்பைத் தவில் ஏற்றது. வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு, இடக்கையில் கோல் பிடித்து வாசிக்கும் இக்கருவியில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) அடைந்த பெருமையைப் பெரியோர் இன்றும் பேசுவர். நாகசுரத்திற்குத் துணையாய் நின்ற தவில், அவர் போன்றோரால் கேட்போர் தனியே நாடிவரும் கலையாயிற்று.

புதுக்கோட்டை மரபு

தவிலின் கணக்குகளை மிருதங்கத்திற்கும் கஞ்சிராவிற்கும் கொணர்ந்து சேர்த்தது புதுக்கோட்டை. அங்கு வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர். அவர் மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவர். அம்மரபிலே பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) விளங்கினார். மற்றொரு புறம், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்ற பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தஞ்சை மரபின் சிகரமானார். 1966ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. தாளக் கருவி வாசிப்பவர் ஒருவருக்கு அப்பட்டம் வழங்கப்பெற்றது அதுவே முதன்முறை.

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் கடமும் ஒன்றோடொன்று வினா விடுத்து விடை பகர்ந்து வந்த பழக்கமே தாள வாத்தியக் கச்சேரிக்கு வித்தாயிற்று. கால் மணி நேரத் தனி விரிந்து, மோர்சிங்கும் தவிலும் கொன்னக்கோலும் உடன் சேர, ஒரு முழுக் கச்சேரியாக வளர்ந்தது.

உருப்படி எவ்வாறு அமைகின்றது?

தாள வாத்தியத்திற்கு உருப்படி இயற்றுவோன் முதலில் கையாளுவது சொற்கட்டு. ‘தகிட’ மூன்று, ‘தகதிமி’ நான்கு, ‘தகதகிட’ ஐந்து, ‘தகிடதகதிமி’ ஏழு, ‘தகதிமிதகதகிட’ ஒன்பது. இவ்வைந்தும் முறையே திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து சாதிகளாம். ஏழு தாளங்கள் ஐந்து சாதிகளோடு கூடி முப்பத்தைந்தாகி, மீண்டும் ஐந்து நடைகளால் பெருகி 175 ஆகின்றன.

ஓர் எளிய எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். ஆதிதாளம் எட்டு அட்சரம். அட்சரத்திற்கு நான்கு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. இதற்குள் ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடித்து, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டாகிய சமத்தில் வந்து சேர வேண்டும். ‘தகதகிட ததிங்கிணதொம்’ என்பது 5உம் 5உம் சேர்ந்து 10 மாத்திரை. மும்முறைக்கு 30. எஞ்சிய இரண்டையும் இடையிடையே ஒவ்வொரு மாத்திரை மௌனமாக விட்டால், 10 + 1 + 10 + 1 + 10 = 32. கணக்கு நேராயிற்று. அந்த ஒரு மாத்திரை மௌனத்திற்குக் கார்வை என்று பெயர். தாளக் கலையில் ஒலிக்கு உள்ள மதிப்பு மௌனத்திற்கும் உண்டு.

இஃது ஒருவர் வாசிப்பதற்கான கணக்கு. பலர் கூடும்பொழுது வேறு சிக்கல்கள் எழும். குறைப்பு என்னும் பகுதியை நோக்குக. முதற்சுற்றில் ஒவ்வொருவரும் நான்கு ஆவர்த்தனம் வாசிப்பர், அடுத்த சுற்றில் இரண்டு, பின்னர் ஒன்று, இறுதியில் அரை. வித்துவான்கள் நால்வராயின் முறையே 16, 8, 4, 2 ஆவர்த்தனங்கள் ஆகி, எங்கும் சமத்திலேயே முடியும். மூவராயின் இறுதிச் சுற்று ஒன்றரை ஆவர்த்தனமாகித் தாளத்தின் நடுவே நின்றுவிடும். ஆகவே மூவருக்கு இயற்றுவோன் அச்சுற்றை இருமுறை வைத்தோ, அரை ஆவர்த்தனத்திற்கு ஒரு கூட்டு முழக்கம் சேர்த்தோ சமன்செய்ய வேண்டும். ரயில்வே கால அட்டவணையில் இரு வண்டிகள் ஒரு சந்திப்பில் கூடும் நிமிடத்தை வகுப்பதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஒலியின் குணமும் அறிதல் வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி ஆழ்ந்த நாதம் தரும். மானாமதுரை மண்ணில் வனைந்த கடம் உலோகம் போல் கணீரென்று ஒலிக்கும். கஞ்சிராவுக்கு உடும்புத்தோல் கட்டுவது பழைய வழக்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அது தடைப்பட்டதால் ஆட்டுத்தோல் போன்றவை இடம்பெறலாயின. தோல் மாறினால் குரலும் மாறும். குரல் மாறினால் உருப்படியில் அக்கருவிக்குத் தரும் சொல்லையும் மாற்ற வேண்டும். எல்லாரும் எப்பொழுதும் முழக்கினால் அது சந்தை இரைச்சலாகும். ஒருவர் விதைத்ததை மற்றவர் வளர்த்து, இறுதிக் கோர்வையில் மட்டும் அனைவரும் ஒருமித்து மும்முறை முழக்கிச் சமத்தில் இறங்குவதே சிறப்பு.

மேல்நாட்டில் எழுந்த முயற்சி

ஐரோப்பிய இசையில் தாளக் கருவிகள் நெடுங்காலம் வயலின் கூட்டத்தின் பின்வரிசையிலேயே நின்றன. எட்கார் வரேஸ் என்னும் பிரெஞ்சுப் பிறப்பாளர் 1929 முதல் 1931 வரை இயற்றிய ‘அயனிசேஷன்’ என்னும் உருப்படி 1933 மார்ச்சு 6ஆம் நாள் நியூயார்க்கில் அரங்கேறியது. பதின்மூவர் வாசிப்பதற்கென எழுதப்பட்ட அது, தாளக் கருவிக் குழுவுக்கென்றே மேல்நாட்டில் தோன்றிய முதல் உருப்படிகளுள் ஒன்று. 1962இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் தாளக் கலைஞர் அறுவர் ஒரு நிலையான குழு அமைத்தனர். அமெரிக்கரான ஸ்டீவ் ரைக், 1970இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டிற்குச் சென்று முழவு பயின்று திரும்பி, 1971இல் ‘டிரம்மிங்’ என்னும் நெடிய உருப்படியை இயற்றினார்.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அவர்கள் காகிதத்தில் எழுதினர். ஆதலின் இயற்றியவர் பெயர் உருப்படியோடு ஒட்டி நின்றது. நம்மவர் வாயால் சொல்லி, விரலால் எண்ணி, செவி வழியே மாணவனுக்கு அளித்தனர். கோர்வை நிலைத்தது, கோத்தவன் பெயர் நிலைக்கவில்லை. இன்று மேடைதோறும் முழங்கும் கோர்வைகளுள் எத்தனையோ, பெயர் தெரியாத ஒரு தவில்காரர் திருவிழா இரவில் மனத்துள் கூட்டிக் கழித்து அமைத்தவையாக இருக்கும்.

பெங்களூரில் வளர்ந்த கலை

நாம் குடியேறி வாழும் இம்மாநிலம் இக்கலைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. 1964ஆம் ஆண்டில் டி. ஏ. எஸ். மணி அவர்கள் பெங்களூரில் ‘கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்’ என்னும் நிலையத்தை நிறுவினார். பாடகி ஆர். ஏ. ரமாமணி அவர்களோடு இக்குழுவினர் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து 1983இல் ‘ஜோதி’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். நம் சொற்கட்டு ஜெர்மானியர் செவிக்கும் எட்டியது.

சென்னையில் டி. எச். ஹரிஹர சர்மா நடத்திய ஜெய கணேஷ் தாள வாத்திய வித்தியாலயத்திலிருந்து அவர் மைந்தர் விக்கு விநாயக்ராம் எழுந்தார். ‘சக்தி’ குழுவில் கடத்தை உலகறியச் செய்தார். பல நாட்டு முழவுக் கலைஞர்கள் கூடிய ‘பிளானட் டிரம்’ என்னும் இசைத்தட்டில் ஜாகிர் உசேனுடன் அவரும் வாசித்தார். அதற்கு 1992இல் கிராமி விருது கிடைத்தது.

அதே வித்தியாலயத்தில் பயின்றவர் மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால். பெண்ணின் விரல்களுக்குக் கடம் கடினம் என்று முதலில் தயக்கம் காட்டப்பட்டபொழுது, ஹரிஹர சர்மா அவருக்குத் தாமே கற்பித்தார். பெண் ஒருத்தியுடன் மேடையில் அமர மாட்டோம் என்ற வித்துவான்களும் இருந்தனர். பெங்களூரில் வாழும் சுகன்யா 1995இல் பெண்களே நிறைந்த ‘ஸ்திரீ தாள் தரங்’ என்னும் குழுவை அமைத்தார். வெவ்வேறு சுருதியில் அமைந்த ஆறேழு கடங்களை முன்வைத்து, தாளத்தோடு இன்னிசையும் எழுப்பும் ‘கடதரங்’ முறையையும் வளர்த்தார். இடம் தர மறுக்கப்பட்டவர் தமக்கென ஓர் அவையையே அமைத்துக்கொண்டார் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

கொள்ளேகால் மண்ணின் முழக்கம்

பெங்களூர் வரை செல்ல வேண்டுவதுமில்லை. நாம் வாழும் கொள்ளேகால், 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை, சென்னை இராச்சியத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூர் மாவட்டத்தில் இணைந்து, 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. எல்லைக்கோடு மாறினாலும், முன்னர்க் கொள்ளேகால் வட்டத்தில் அடங்கியிருந்த மாதேசுவரன் மலை இருமொழியாருக்கும் பொதுவாகவே நிற்கின்றது. சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் உகாதிக்கும் சேலம், தருமபுரி, ஈரோட்டுப் பக்கங்களிலிருந்து தமிழ் மக்கள் திரண்டு வருகின்றனர். அப்பக்கங்களில் மாதையன், மாதப்பன், மாதம்மாள் என்னும் பெயர்கள் மலிந்திருப்பதும் இதனாலன்றோ?

அம்மலையின் அடியார் கையில் ஏந்துவது கம்சாளே. கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம் ஒரு கையில்; தட்டையான வட்டத்தட்டு மறு கையில். காம்சியதாளம் என்னும் சொல்லே கம்சாளே எனத் திரிந்தது என்பர். நம் பழந்தமிழில் கஞ்சதாளம் என்று வழங்கியதும் இவ்வினமே. பெரும்பாலும் குருபர் சமூகத்தைச் சேர்ந்த இவ்வடியார்கள் தீட்சை பெற்று, மாதேசுவரனின் நெடுங்கதையை இரவெல்லாம் பாடுவர். பலர் சேர்ந்து தட்டை உடலைச் சுற்றி வீசி, தம் தாளத்திலும் அடுத்தவர் தாளத்திலும் தட்டி ஆடுவதற்குப் ‘பீசு கம்சாளே’ என்று பெயர். தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாகும். வேர் ‘பேரு’ ஆவது போல ‘வீசு’ என்பதே ‘பீசு’ ஆயிற்று. அண்டை வீட்டார் கலைக்கு நம் வீட்டுச் சொல்லே பெயராய் நிற்கக் காண்கின்றோம்.

ஒருவர் தட்டு ஒரு மாத்திரை பிந்தினாலும் அடுத்தவர் கையில் அடிபடும். ஆதலின் ஒவ்வொருவனும் தன் தாளத்தை மட்டுமின்றித் தோழன் தாளத்தையும் தன்னுள் எண்ணியே ஆட வேண்டும். கூட்டுத் தாளக் கலையின் உயிர்நிலை இதுவே.

நாம் எண்ண வேண்டுவது

பாலக்காடு மணி ஐயரை நாம் போற்றுகின்றோம், போற்றுதல் தகும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து என்னும் தோல்வினைஞரை எத்தனை பேர் அறிவோம்? மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பதமறிந்து கட்டாவிடில் அம்மேதையின் விரலுக்கு நாதம் ஏது? அத்தகைய குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கில நூலாக எழுதிய பின்னரே பலர் கவனம் அப்பக்கம் திரும்பியது. பறையின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. சங்க நூல்கள் புகழ்ந்த கருவியைச் சாவுக்குரியது என்று ஒதுக்கி, அதனை வாசித்தவரையும் ஒதுக்கினோம். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபொழுது நாம் மகிழ்ந்தோம். ஆயினும் நம் குடியிருப்பின் விழா மேடையில் மிருதங்கத்திற்குக் கம்பளம் விரிக்கும் நாம், பறையை வாயிலுக்கு வெளியே நிறுத்துவோமாயின் அம்மகிழ்ச்சிக்குப் பொருளில்லை. அடியார்க்குநல்லார் பட்டியலில் மத்தளமும் இருக்கின்றது, துடியும் இருக்கின்றது, பெரும்பறையும் இருக்கின்றது. அவர் ஒன்றையும் வெளியே நிறுத்தவில்லை.

ஆதலின் சங்கத்து அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றேன். முதலாவது, நம் சிறுவர் சிறுமியர் இருபாலாரும் சொற்கட்டையேனும் பயில வேண்டும். அதற்குக் கருவி வாங்கும் செலவில்லை, வாயும் கையும் போதும். இரண்டாவது, நம் குடியிருப்பில் தாளம் அறிந்த முதியோர் எவரிடமேனும் பழைய கோர்வை இருந்தால், அதனை எழுத்தில் இறக்கி, சொன்னவர் பெயரையும் அதன் கீழ் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, வரும் ஆண்டு விழாவிலாவது தவிலும் பறையும் மிருதங்கமும், அவற்றோடு இம்மண்ணின் கம்சாளேயும் ஒரே மேடையில் அமர வேண்டும்.

தாளம் வேறு வேறாயினும் சமம் ஒன்றே. அவரவர் கணக்கில் நடந்து, அனைவரும் ஓரிடத்தில் வந்து கூடுதலே அக்கலை கற்பிக்கும் நெறி. பிறமொழி நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இதனினும் ஏற்ற நெறி வேறில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!